விரால் ஆயும்போது குடல் உடையாமல் இருக்க

மகள் பிரசவத்துக்கு கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்கு வந்திருந்தபோது, சம்பந்தி ஒரு ஆற்று விராலைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்கு விரால் சூப் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று இங்கே மலாய்க்காரர்களும் சொல்வார்கள், நாமும் சொல்வோம். அவசரத்தில் கத்தியை ஆழமாக இறக்கிவிட்டேன், குடல் கிழிந்தது. பாதி செரித்த இறாலோடு ஒரு நீல இழை, அரிசி நீளம். ஊசியைச் சூடாக்கித் தொட்டதும் சுருண்டு உருகியது. மீன்வலையோ, துணி துவைத்த தண்ணீரில் வந்த நூலோ, பிளாஸ்டிக் என்பது மட்டும் நிச்சயம்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துணுக்கைத்தான் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். மீன் விழுங்குவதில் பெரும்பகுதி இரைப்பையிலும் குடலிலும் கிடக்கும், செவுளிலும் சிக்கும். சதையிலும் நுண்துகள் இருப்பதுண்டு. அதை எந்தக் கழுவலும் எடுக்காது. நம் கைக்கு எட்டுவது குடலும் செவுளும்தான்.

முதலில் வழவழப்பைப் போக்குங்கள். அம்மா சாம்பல் போட்டுத் தேய்ப்பார். அடுக்குமாடியில் சாம்பலுக்கு எங்கே போவது? கல்லுப்பும் புளியும் போதும். தேய்க்க தேங்காய் நார் எடுங்கள். பச்சை ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்தான், தேயத் தேய உதிரும்.

அப்புறம் செவுள். மூடியைத் தூக்கி இரண்டு பக்கமும் அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள். தலையைச் சூப்பில் போடுகிறவர்கள் இதை விடவே கூடாது.

இப்போது வயிறு. கழிவுத் துளையில் கத்தி முனையை மட்டும் நுழைத்து, கூர்ப்பக்கம் மேலே பார்க்கத் தலையை நோக்கித் தோலை மட்டும் கீறுங்கள். பித்தம் உடைந்தால் கசக்கும் என்று அம்மா எவ்வளவு பதமாகச் செய்வார், அதே பதம்தான். இரண்டு விரலை உள்ளே விட்டு, தொண்டைப் பக்கம் குடலைப் பிடித்து வெட்டி, பின்பக்கமாக மெல்ல இழுத்தால் மொத்தமாக ஒரே கொத்தாய் வரும். முதுகெலும்பை ஒட்டிய ரத்தத்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். குடல் விழுந்த பேசினில் மீனை முக்கி எடுத்தால் செய்ததெல்லாம் வீண். என்னைப் போல் கிழித்துவிட்டால் அந்த இடத்தை இரண்டு மூன்று முறை கூடுதலாக அலசுங்கள், வேறு வழியில்லை.

கெளுத்திக்கும் இதே முறைதான், முள்ளை மட்டும் துணி சுற்றிப் பிடியுங்கள். குடலோடு முழுசாகப் பொரிக்கும் பொடி ஆற்றுமீனை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

துண்டு போடும்போது ஒன்று கவனித்தேன். என் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் வெட்டுக் கோடுகள் நிறைய. அந்தக் கோடுகளிலிருந்து போனதெல்லாம் எங்கே போயிருக்கும்? இத்தனை வருஷம் குழம்புக்குள்தான். இப்போது புளியமரக் கட்டை.

குடலை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், வீசாதீர்கள். எங்கள் பக்கத்து லோங்காங் தண்ணீர் கோம்பாக் ஆற்றுக்குப் போய், மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றில் சேர்கிறது. செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், இறுக்கமாக. கீழ்வீட்டுப் பூனை போன வாரம் அவிழ்த்துவிட்டது.