கல்ஃப் வேலைக்கு முதல்முறை போகிறீர்களா? பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

ஐ.டி.ஐ. முடித்து உள்ளூரில் மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு வேலை பார்க்கும் பையனுக்கு, "ரெண்டு வருஷம் துபாய் போய்ட்டு வந்தா அக்கா கல்யாணக் கடனை அடைச்சிடலாம்" என்று தோன்றுவதில் தப்பே இல்லை. ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் தஞ்சாவூர்ப் பக்கமும் அப்படிப் போய் வீடு கட்டியவர்கள் ஏராளம். மோசம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள்: பணத்தை முதலில் கொடுத்துவிட்டுக் காகிதத்துக்குக் காத்திருக்கிறார்கள். கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். சம்பளக் கணக்குகள் ஐக்கிய அரபு அமீரகத்தை வைத்துச் சொன்னவை.

1. பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

உங்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (ECR, அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று அச்சாகி இருக்கிறதா? பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு அப்படித்தான் வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்களுக்கு அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். வீட்டு வேலைக்குப் போகும் இ.சி.ஆர். பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாவது தேறியும் இ.சி.ஆர். என்று இருந்தால் மதிப்பெண் பட்டியலைக் காட்டி மறுபடி விண்ணப்பித்து நீக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பெயர். நம் ஊரில் மார்க் ஷீட்டில் "மு. கார்த்திக்" என்று இருக்கும்; பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு வெறும் "கார்த்திக்" என்று எடுத்துவிடுவார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை அமீரகம் 2022 நவம்பரிலிருந்து விசிட் விசா போன்றவற்றுக்கு ஏற்பதில்லை என்று அறிவித்தது. புதிதாக எடுப்பவர்கள் அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் முழுதாகப் போட்டுவிடுங்கள். இனிஷியலை மட்டும் போடாதீர்கள்.

2. ஏஜென்டைச் சோதியுங்கள்

வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஏஜென்டிடம் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். பட்டியலில் அந்த எண், நிறுவனப் பெயர், முகவரி மூன்றும் ஒத்துப்போக வேண்டும்; லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். வேறொருவர் லைசென்ஸைக் காட்டி "அவங்க நம்ம ஆளுங்கதான்" என்பது பழைய தந்திரம். ஊரில் ஆள் பிடித்துத் தரும் "சப் ஏஜென்டு"க்குச் சட்டப்படி எந்த இடமும் இல்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் பதிவு இல்லாமல் ஆள் எடுப்பதைக் குற்றம் என்கிறது.

ஏஜென்டே வேண்டாம் என்றால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் நடக்கிறது, அலுவலகம் கிண்டியில். ஆட்கள் தேவைப்படும்போது அறிவிப்பார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் காத்திருக்கலாம்.

3. எவ்வளவு கொடுக்கலாம்?

இந்தியச் சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். அமீரகச் சட்டமோ, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று கம்பெனிக்குத் தடை போடுகிறது. ஆகவே "விசாவுக்கு ஒன்றரை லட்சம்" என்று யார் கேட்டாலும் அது விசாவின் விலை இல்லை.

அந்த ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 வட்டி. சம்பளம் 1,200 திர்ஹம் (அமீரகப் பணம்), அதில் சாப்பாட்டுக்கு 350 போனால் மிச்சம் 850. திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் 19,550. வட்டி போக 15,050. அசலை அடைக்கவே பத்து மாதம் ஆகும், அதுவும் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல். 35,400-ஐ அதே வட்டிக்கு வாங்கியிருந்தால் இரண்டே மாதத்தில் முடிந்துவிடும். கடன் வாங்கும் முன் இந்தக் கணக்கை அம்மா அப்பாவோடு உட்கார்ந்து போடுங்கள்.

4. ஆஃபர் லெட்டர்: நிதானமாகப் படிக்க வேண்டிய காகிதம்

அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் தரப்படுகிறது, தமிழும் உண்டு. தமிழில் கேட்டு வாங்குங்கள். கம்பெனி லெட்டர்பேடில் அடித்த தாளை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

மொத்தச் சம்பளத்தைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பேசிக், அதாவது படிகள் சேராத அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பாருங்கள். ஓவர்டைமும், வேலையை முடித்துக் கிளம்பும்போது தரும் பணிக்கொடையும் பேசிக்கை வைத்துத்தான் கணக்காகும். இரண்டு பேருக்கும் 1,200 திர்ஹம் என்று வையுங்கள். ஒருவருக்கு பேசிக் 600, இன்னொருவருக்கு 1,000.

பகல்நேர ஓவர்டைமுக்கு ஒரு மணி நேரக் கூலியோடு 25 சதவீதம் கூட வரும். பேசிக்கை 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால், முதல் ஆளுக்கு மணிக்கு 3.12 திர்ஹம், இரண்டாவது ஆளுக்கு 5.20. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் செய்தால் முதல் ஆளுக்கு 162, மற்றவருக்கு 270. ஒரே வேலை, ஒரே வியர்வை, மாதம் 108 திர்ஹம் வித்தியாசம். பணிக்கொடை முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக்: ஒருவருக்கு 420, மற்றவருக்கு 700.

சாப்பாடு, தங்குமிடம், வேலையின் பெயர், விடுப்பு டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "எலக்ட்ரீஷியன்" என்று பேசி "ஹெல்பர்" என்று போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. விசிட் விசா என்றால் நின்றுவிடுங்கள்

"முதல்ல விசிட்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்பார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்க ஒப்பந்தமும் இருக்காது. இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்றால் நம் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கை நிறையச் சம்பளம், டிக்கெட் இலவசம் என்று வரும் விளம்பரங்கள் இதைவிடக் கொடியவை. அப்படிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி செய்ய வைத்து அடிக்கிறார்கள். கம்போடியா, லாவோஸிலும் இதே கதை. தயவுசெய்து போகாதீர்கள்.

6. மெடிக்கலும் அனுமதியும்

வளைகுடா நாடுகளுக்கான பரிசோதனை, அதற்கென்றே உள்ள வாஃபித் (Wafid) இணையதளத்தில் பதிவான மையங்களில் செய்தால் மட்டுமே செல்லும். பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே "அன்ஃபிட்" வரலாம். சிறுவயதில் காசநோய் வந்திருந்தால் பணம் கட்டும் முன்பே ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அங்கே இறங்கிய பிறகும் மறுபடி பரிசோதிப்பார்கள். பணம் கொடுத்து இங்கே "ஃபிட்" வாங்கினால் அங்கிருந்து திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

இ.சி.ஆர்.காரர்களுக்கான அனுமதி இ-மைக்ரேட் வழியே, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரிடமிருந்து வரும். அதோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். பாலிசியின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பலர் வீட்டில் இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

7. பெட்டி கட்டும்போது

கசகசா வேண்டாம். நம் வீட்டில் அது குருமாவுக்கு அரைக்கும் சாமான். அமீரகத்திலும் சவுதியிலும் கத்தாரிலும் போதைப்பொருள் கணக்கில் வருகிறது. அம்மா அரைத்துத் தரும் மசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கோடீன், டிரமடால் கலந்த மாத்திரையும் சிரப்பும் வேண்டாம். தெரிந்தவரே தந்தாலும் பிரிக்காத பார்சலை வாங்காதீர்கள்.

8. இறங்கிய பிறகு

புதிதாக ஒரு ஒப்பந்தத்தை நீட்டி, சம்பளத்தைக் குறைத்துக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஊரில் கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டரின் படம் உங்கள் போனிலும் வீட்டிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பது அமீரகச் சட்டப்படி தவறு. பிரச்சினை என்றால் அங்கே தொழிலாளர் அமைச்சகத்தையும் இந்தியத் தூதரகத்தையும் அணுகலாம். ஊரிலிருந்து குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்திலும் மனு கொடுக்கலாம். மனுவோடு பாஸ்போர்ட் நகல், விசா நகல், ஆஃபர் லெட்டர், ஏஜென்டுக்குப் பணம் கட்டிய ரசீது நான்கையும் இணையுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நான்காவது இருக்காது; அதனால் வங்கி வழியாக, லைசென்ஸில் உள்ள நிறுவனத்தின் பெயருக்கே அனுப்புங்கள்.