பைப் ஓர்கன்: மலிவுச் சாமானில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டையை அழுத்தினால் குழாய்க்குள் காற்றுப் போய் ஒலிக்கிற வாத்தியம் பைப் ஓர்கன். வீட்டிலேயே சின்னதாக அதைச் செய்ய இறங்குகிறவர்கள், பெரும்பாலும் குழாய்க்குத்தான் காசைக் கொட்டுகிறார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம் இல்லாவிட்டால் நாதம் வராது என்ற நினைப்பு. ஒலிப்பது குழாய்க்குள் இருக்கிற காற்று. சுவர் உறுதியாக இருந்தால் எஸ்லோன் (பி.வி.சி.) பைப்பும், துணிச்சுருள் சுற்றிவருகிற தடித்த மட்டைக் குழாயும் நன்றாகவே பாடும். மெனக்கெட வேண்டியது குழாயின் வாய்ப்பகுதியில்தான். காற்று வெளிவருகிற கீற்றிலும் எதிரே இருக்கிற உதட்டு விளிம்பிலும் பிசிறு இருந்தால், தேக்கில் செய்தாலும் சீறத்தான் செய்யும்.

மேல்முனையை அடைத்துவிட்டால் அதே சுரத்துக்குப் பாதி நீளம் போதும். தொனி கொஞ்சம் மென்மையாகும். பி.வி.சி.யை மட்டும் நெருப்பில் வாட்டாதீர்கள், புகை நஞ்சு.

சிக்கனம் கூடாத இடம் காற்றுப் பெட்டி, அதாவது துளைகள் வழியே குழாய்களுக்குக் காற்றைக் கொடுக்கிற பெட்டி. திருகோணமலையில் ஐப்பசி மழை தொடங்கினால் மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப் பலகை ஈரத்தில் ஊதிவிடும். சரி, பிளைவூட் போடலாம் என்றால், மலிவான பிளைவூட்டின் உள்ளடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கும். துளை போட்டதும் ஒரு துளையின் காற்று அந்த வழியே பக்கத்துத் துளைக்குப் போய், அழுத்தாத சுரமும் முனகும். ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் தண்ணீர் கலந்த மரப்பசையை இரண்டு தடவை பூசிக் காயவிடுங்கள்.

குழாய்க்குக் காற்றைத் திறந்து மூடுகிற மூடிகளுக்கு ஸ்பொஞ்சு ஒட்டாதீர்கள். இந்த வெக்கையில் அது பிசுபிசுத்து உதிரும். மத்தளத் தோலும் வேண்டாம். அது பதனிடாத தோல், விறைப்பாக இருக்கும், ஈரத்தில் தளரும். சப்பாத்து தைக்கிறவர்களிடம் உள்ள மெல்லிய உட்தோல் துண்டுகளே நல்லது. துருத்தியின் மடிப்புகளில் ரெக்சின் வெடிக்கும். றப்பர் பூசிய துணி தேடுங்கள். அப்புறம் மூடிகளைத் திரும்ப மூடவைக்கிற ஸ்பிரிங். சாதாரண இரும்புக் கம்பி கடற்காற்றில் துருப்பிடித்துவிடும், பித்தளைக் கம்பியே போடுங்கள்.

வெக்கியூம் கிளீனர் மோட்டரை நேரே இணைப்பதும் தவறு. அதன் அழுத்தம் மிக அதிகம், சுரங்கள் எகிறிக் கீச்சிடும். இடையில் துருத்தி வைத்து, காற்றைக் கட்டுப்படுத்தி விடுங்கள். அழுத்தத்தை அளக்க, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'யூ' வடிவில் வளைத்து, தண்ணீர் விட்டு, ஒரு முனையைப் பெட்டியில் பொருத்துங்கள். இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே 75 மில்லிமீற்றர் அளவு வித்தியாசம் நின்றால் வீட்டு ஓர்கனுக்குப் போதும்.