தடைக்காலப் படகுப் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கரைகளில் விசைப்படகுகள் பழுதுபார்ப்புக்கு மணலேறும் பருவம் இதுதான். தடை முடிவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்ற பரபரப்பில், மரம் அறுக்கும் மின்கருவிகளில் கையைக் காக்கும் பாகங்களைத்தான் முதலில் கழற்றுகிறோம்.

நான்கு அங்குலக் கிரைண்டரில் பல் வைத்த பிளேடை மாட்டி மரம் அறுப்பதைவிட மோசமான பழக்கம் எனக்குத் தெரியவில்லை. நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும் கருவி அது. பலகையில் பதிந்து நிற்கும் அடித்தட்டு அதற்குக் கிடையாது. ஒரு பல் மரக்கணுவில் மாட்டினால் கருவி அப்படியே எகிறும். பல கிரைண்டர்களில் ஸ்விட்ச் பூட்டிக்கொள்ளும் வகை என்பதால் பிடி நழுவினாலும் பிளேடு நிற்காது. மரத்துக்கு வட்ட ரம்பம்தான்.

அந்த ரம்பத்திலும், பிளேடைத் தானாக வந்து மறைக்கும் கீழ்மூடியைக் கம்பியால் கட்டிவைப்பவர்கள் உண்டு. மூடி ஒழுங்காகத் திரும்புவதில்லை என்பார்கள். உண்மைதான், உப்புக்காற்றில் அதன் சுருள்வில் துருப்பிடிக்கிறது, இடுக்கில் மரத்தூள் அடைகிறது. அதற்கு வழி, தூளைத் தட்டித் துடைப்பதும் வில்லை மாற்றுவதும்தான். காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியை இழுத்து விட்டுப் பாருங்கள். பட்டென்று மூடாத ரம்பத்தை அன்று தொடாதீர்கள்.

பலகையின் இரு முனைகளையும் முட்டுக்கொடுத்து நடுவில் அறுப்பது அடுத்த தவறு. அறுபட அறுபடப் பலகை தொய்ந்து, வெட்டின் இடைவெளி இறுகி, பிளேடைக் கவ்வும். ரம்பம் உங்களை நோக்கிப் பாயும். வெட்டப்படும் துண்டு தானாகக் கீழே விலக இடம் விடுங்கள். நீளவாக்கில் அறுக்கும்போது வெட்டில் சிறு ஆப்பு செருகுங்கள். வெட்டுக்கோட்டுக்கு நேரே நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள்.

பழைய படகிலிருந்து பெயர்த்த பலகை என்றால் ஆணி இருக்கும். இரும்பாணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். செம்பாணிக்குக் கண்ணும் விரலும்தான் துணை. கண்ணாடி அணியாமல் அந்தப் பலகையை அறுக்கக்கூடாது.

ஈரமணலில் ஒட்டுப்போட்ட வயரை இழுத்துவிட்டு, வெறுங்காலுடன் நின்று அறுப்பதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பைக் கரையில் பயன்படுத்தாதீர்கள். சுழலும் பிளேடருகே கையுறை வேண்டாம். அது விரலையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் கைலியும் அப்படியே.

இத்தனைக்குப் பிறகும் விரல் துண்டாகிவிட்டால், நம் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. அதுவே ஆபத்தாகவும் முடியும். துண்டை நேரே ஐஸில் புதைத்தால் சதை உறைந்து கெடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி, பையோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.