சனி ஞாயிறு முழுக்க விசேஷம் இருந்தாலும் வீட்டு வேலை நிற்காமல் ஓட ஒரு வழி

புதிதாகக் கல்யாணமாகிச் சென்னையில் தனிக்குடித்தனம் வந்தவர்களுக்கு வார இறுதி என்று ஒன்று கிடையவே கிடையாது. சனிக்கிழமை வானகரத்தில் ரிசப்ஷன், மறுநாள் காலை மேற்கு மாம்பலத்தில் கிரகப்பிரவேசம், சாயங்காலம் ஆபீஸ் நண்பரின் குழந்தைக்குப் பிறந்தநாள். நடுவில் "இன்னும் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வரலையே" என்று கேட்கும் சித்தி. எல்லாவற்றுக்கும் போய்வந்து திங்கட்கிழமை எழுந்தால் சிங்க் நிறையப் பாத்திரம், மாவு காலி, துவைத்த துணி மெஷினுக்குள்ளேயே நாறிக்கிடக்கும்.

போகாமல் இருங்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற எங்கள் வீட்டில் நடைமுறைக்கு ஒத்துவந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் காலண்டர்

முகூர்த்த நாள் போட்ட மாதக் காலண்டர் ஒன்று வாங்கி அடுக்களையில் மாட்டுங்கள். போனில் இருக்கிற காலண்டர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் இருப்பது இருவருக்கும் தெரியும். பத்திரிகை வாட்ஸப்பில் வந்தாலும் சரி, நேரில் வந்து தாம்பூலத்தோடு கொடுத்தாலும் சரி, அன்றைக்கே எழுதிவிடுங்கள். மண்டபம் எங்கே, போய்வர எவ்வளவு நேரம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வேளச்சேரியில் இருந்து அம்பத்தூருக்கு ஒரு ரிசப்ஷன் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமும் போச்சு என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு கட்டுப்பாடு. இன்னொருவரைக் கேட்காமல் யாரும் "வந்துடறோம்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "பார்த்துட்டுச் சொல்றோம்" போதும். ஒரே கல்யாணத்தில் ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் போக வேண்டிய அளவு நெருங்கிய சொந்தம் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? மற்றவர்களுக்கு ஏதாவது ஒன்று. "அத்தை, முகூர்த்தத்துக்குக் காலையிலேயே வந்துடறோம். ராத்திரிதான் முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் நின்றுவிட்டால்தான் வருஷக்கணக்கில் பேச்சு வரும்.

எது காத்திருக்காது?

எல்லா வேலையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இரவு தாண்டக் கூடாதவை மூன்றுதான்: ஈரக் குப்பை, எச்சில் பாத்திரம், ஈரத் துணி. சென்னைப் புழுக்கத்தில் முதல் இரண்டும் கரப்பானுக்கு அழைப்பிதழ். துவைத்த துணியை மெஷினில் சில மணி நேரம் விட்டாலே வாடை பிடித்துவிடும். அதனால் கிளம்பும்போது மெஷினைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நேரம் தள்ளி ஓடவைக்கிற வசதி இருந்தால், நீங்கள் திரும்பி வரும்போது முடிகிற மாதிரி வையுங்கள்.

தூசி தட்டுவது, இஸ்திரி, பீரோ அடுக்குவதெல்லாம் புதன்கிழமைகூடச் செய்யலாம். யாரும் வந்து பீரோவைத் திறந்து பார்க்கப்போவதில்லை.

வேலையை முழுசாகப் பிரியுங்கள்

"நான் உனக்கு உதவி பண்றேன்" என்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. உதவுகிறவர் கை மட்டும் கொடுப்பார், நினைவு வைத்துக்கொள்ளும் பாரம் இன்னொருவர் தலையிலேயே கிடக்கும். மாவு ஒருவர் பொறுப்பு என்றால், உளுந்து தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதில் தொடங்கிக் கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவருடையது. துணி இன்னொருவருடையது என்றால், சோப்புத்தூள் வாங்குவது முதல் மடித்து உள்ளே வைப்பது வரை. பாத்திரம் தேய்க்க அக்கா வருகிறார் என்றால், அவரிடம் நேரம் பேசுவதும் லீவு கேட்பதும் பாத்திரப் பொறுப்பாளருடைய வேலை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள், அவருக்கும் விசேஷங்கள் உண்டு.

மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அதையும் சிலிண்டர் பதிவையும் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாவு

மாவு இருந்தால் வார இறுதி பிழைத்துவிடும். நாலு கப் இட்லி அரிசி, ஒரு கப் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், சாயங்காலம் வந்ததும் அரைக்கலாம். குளிர்ந்த உளுந்து கிரைண்டரில் சூடேறாமல் நன்றாகப் பொங்கும் என்பது கூடுதல் லாபம். கல்லுப்பு சேர்த்துக் கையால் கரைத்துப் பெரிய பாத்திரத்தில் வையுங்கள். மே மாதத்தில் விடிவதற்குள் மேடையில் வழிந்து நிற்கும், பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். மார்கழியில் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். புளித்ததும் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டால் அடுத்த நாலைந்து நாளைக்குக் கவலையில்லை. முடியாத வாரம் கடை மாவு வாங்குங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை.

திரும்பி வந்த ராத்திரி

உண்மையில் வீடு குலைவது இங்கேதான். பத்தரை மணிக்குப் பட்டுப்புடவையோடு சோபாவில் சாய்ந்தால் கதை முடிந்தது. உட்காரக் கூடாது. அரை மணி நேரம், இருவரும் ஒரே சமயத்தில்.

ஒருவர் துணிப் பக்கம் போகட்டும். பட்டை உடனே மடிக்காமல், வியர்வை காய விசிறிக் காற்றில் உதறிப் போடுங்கள், காலையில் மடித்துப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கலாம். இரும்பு ஹேங்கரில் தொங்கவிட்டால் துருக்கறை படியும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது, ஜரிகை கறுத்துவிடும். வேட்டியில் சாம்பார் சிந்தியிருந்தால் அந்த இடத்தை மட்டும் அப்போதே சோப்புப் போட்டு அலசிவிடுங்கள். மஞ்சள் கறை மிச்சம் இருந்தால் மறுநாள் வெயில் பார்த்துக்கொள்ளும்.

மற்றவர் தாம்பூலப் பையைப் பிரிக்கட்டும். அப்படியே மூலையில் வைத்தால் ஒரு வாரம் கழித்து வெற்றிலை அழுகி வழியும். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேங்காய் சேர்ந்துகொண்டே போகும், ஞாயிறன்று உடைத்துத் துருவி டப்பாவில் ஃப்ரீசரில் போட்டால் வாரம் முழுக்கச் சட்னிக்கு ஆச்சு. பிறகு சிங்க்கில் இருக்கும் காபி டம்ளர்களைக் கழுவி, காலையில் வரும் குப்பை வண்டிக்காக ஈரக்குப்பை வாளியை வாசலில் வையுங்கள். இதற்குள் துணிக்காரர் மெஷினில் இருப்பதைக் கொடியில் போட்டிருப்பார்.

வீட்டுக்கு ஆள் வருகிற நாளில் எட்டு வகை சமைக்காதீர்கள். ஒரு பிரியாணி, ஒரு தயிர்ப் பச்சடி, நல்ல காபி.

பெரிய வேலைக்கு ஆடி

பரண், மின்விசிறி, திரைச்சீலை, மெத்தை உறை எல்லாவற்றையும் ஆடி மாதத்துக்கு ஒதுக்குங்கள். அப்போது முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வராது. காலை வெயிலும் ஆடிக்காற்றும் சேர்ந்தால் கனமான திரையும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கைக்குட்டை காய்வதே பெரும்பாடு. மார்கழியிலும் முகூர்த்தம் இல்லைதான், ஆனால் சபாக் கச்சேரியும் கேன்டீனும் அந்த மாதத்தைத் தின்றுவிடும். ஆடித் தள்ளுபடிக்குத் தி.நகர் போவதாக இருந்தால் வாரநாள் சாயங்காலமாகப் பார்த்துப் போய்வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் திரைச்சீலைக்கு வேண்டும்.