அடிமைத்தளையிலிருந்து தப்பியோரின் கதையைப் பிள்ளைகளுக்கு எழுதுவது எப்படி

வன்னியின் வாசிகசாலைகளிலும் பாடசாலை நூலகங்களிலும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்கென்று தாமே கதை எழுத முனையும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் வடக்கே தப்பிச் சென்றதும், வழிநெடுக அவர்களை மறைத்தும் உணவளித்தும் பலர் பாதுகாப்பாக அனுப்பிவைத்ததும், தரம் 5 முதல் தரம் 8 வரையான நம் பிள்ளைகளுக்கு எழுத மிகவும் பொருத்தமானவை. இரவோடிரவாக ஊர்விட்டு ஓடிய கதைகளை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள் என்பதாலேயே, இதைப் பொறுப்போடு எழுதவும் வேண்டியிருக்கிறது.

முதலில், வரலாறு முழுவதையும் ஒரே கதைக்குள் அடைக்க முயலாதீர்கள். ஓர் இரவைத் தெரிவு செய்யுங்கள். 1854ஆம் ஆண்டு நத்தாரை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் மேரிலண்டிலிருந்து தப்பிச் சென்றிருந்த ஹரியட் டப்மன், நத்தாருக்கு மறுநாள் விற்கப்படவிருந்த தம் சகோதரர்களை அழைத்துச் செல்லத் திரும்பி வந்தார். பெற்றோரின் குடிசைக்கு அருகே, மாட்டுத்தீன் வைக்கும் கொட்டிலொன்றில் அவர்கள் ஒளிந்திருந்தார்கள். மகன்மார் நத்தார் விருந்துக்கு வருவார்கள் என்று தாய் சமைத்து வைத்துவிட்டு வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கண்டால் வாய்விட்டு அழுதுவிடுவார் என்று அஞ்சி அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. கொட்டிலின் பலகை இடுக்குகளால் பிள்ளைகள் தாயைப் பார்த்தபடி இருந்தார்கள். தந்தைக்கு மாத்திரம் செய்தி தெரியும். அவர் தம் கண்களைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் புறப்பட்டபோதும் கட்டிய கண்ணோடு சிறிது தூரம் கூடவே நடந்தார். பின்னர் விசாரிக்கப்பட்டபோது, இந்த நத்தாரில் பிள்ளைகளில் ஒருவரையும் தாம் காணவில்லை என்று அவரால் பொய் சொல்லாமலே சொல்ல முடிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அடிமைமுறை இன்னதென்று விளங்க இந்த ஒரு கண்கட்டே போதும். எழுதுபவர் இதற்குமேல் விளக்கம் சேர்க்கக்கூடாது.

அடுத்து, கதையை யார் நகர்த்துகிறார்கள் என்பதைத் தீர்மானியுங்கள். இவ்வகைக் கதைகளில் நல்லுள்ளம் படைத்த வெள்ளையர் குடும்பமொன்று கதவைத் திறப்பதும், தப்பி வந்தவர் நன்றியோடு உள்ளே நுழைவதுமே பெரும்பாலும் நடுக்காட்சியாகிவிடுகின்றன. உதவியவர்களின் துணிவு உண்மையானது. டெலவெயர் மாநிலத்து வில்மிங்டனில் வாழ்ந்த, குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகர் தோமஸ் கரெட், 1848இல் நீதிமன்றம் பெருந்தொகைத் தண்டம் விதித்த பின்னரும் தம் பணியை நிறுத்தவில்லை. ஆயினும் புறப்படுவதென்று தீர்மானித்தவரும், சதுப்பில் இறங்கியவரும், பிடிபட்டிருந்தால் கசையடி பட்டிருக்கக்கூடியவரும் தப்பிச் சென்றவரே. உதவியவர்களிலும் மிகப் பலர் கறுப்பின மக்களாகவே இருந்தார்கள். ஒஹாயோ மாநிலத்து ரிப்ளி நகரில் வாழ்ந்த ஜோன் பார்க்கர் தாமே பணம் கட்டித் தம் விடுதலையை வாங்கியவர்; இரும்பு வார்ப்புப் பட்டறை நடத்திக்கொண்டே, இரவில் ஆற்றைக் கடந்து கென்டக்கிக் கரைக்குப் போய் மக்களைப் படகில் ஏற்றி வந்தார். ஆகவே, உங்கள் கதையில் முடிவெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் அந்த முடிவைத் தப்பிச் செல்பவரின் கையில் கொடுங்கள்.

உதவியின் விலை என்ன என்பதையும் கணக்காகவே காட்டுங்கள். தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய 1850ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, தப்பியவருக்கு உதவியவருக்கு 1,000 டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பிடிபட்டவரின் வழக்கைக் கேட்கும் ஆணையாளருக்கு, அவரை உரிமையாளரிடம் திருப்பி அனுப்பினால் 10 டொலரும் விடுவித்தால் 5 டொலரும் கட்டணம். இந்த இரண்டு தொகைகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நின்றாலே, பிள்ளைகள் தாமே கோபப்படுவார்கள்.

காணாத நாட்டைக் காட்டுவது கடினமான பகுதி. ஆறேழு வயதில் ஹரியட், அம்மை நோயோடு, குளிர்காலத்துச் சதுப்பு நீரில் இடுப்பளவு இறங்கி நீரெலிப் பொறிகளைப் பார்த்துவர அனுப்பப்பட்டார். அந்தக் குளிரை விளங்கப்படுத்த வர்ணனை போதாது. ஐஸ்கட்டி ஒன்றைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, கை விறைத்து நோகும்வரை பொறுக்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை வாசியுங்கள். வடதிசை காட்டும் துருவ நட்சத்திரத்தையும் இவ்வாறே காட்டலாம். சித்திரை, வைகாசி மாதங்களின் முன்னிரவில், இரணைமடுக் குளக்கட்டைப் போல வடக்குப் பக்கம் மறைப்பில்லாத மேட்டில் பிள்ளைகளை நிறுத்தி, ஏழு முனிவர் மண்டலத்தின் வாலுக்கு எதிர்முனையிலுள்ள இரண்டு வெள்ளிகளை இணைத்துக் கோடு நீட்டச் சொல்லுங்கள். கையை நேரே நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அந்த முட்டியின் உயரம் வானத்தில் ஏறக்குறைய பத்துப் பாகை. கிளிநொச்சியில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில்கூட முழுதாக இல்லை, பனங்கூடல் இருந்தால் மறைந்தே போகும். மேரிலண்டிலோ அது நான்கு முட்டி உயரத்தில் நிற்கும். நம்முடைய வானத்தைப் பார்த்து அவர்களுடைய வானத்தை எழுதினால் இங்குதான் பிழை வரும்.

பிழைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலியில் காயப்போட்ட ஒட்டுத்துணிப் போர்வைகளில் இரகசிய வழிக்குறிகள் இருந்தன என்ற கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதற்கு ஆதாரம் இல்லையென்று வரலாற்றாய்வாளர் மறுக்கிறார்கள். ஹரியட் 300 பேரை மீட்டார் என்ற பழைய கணக்கையும் விட்டுவிடுங்கள். ஏறத்தாழ 13 பயணங்களில் 70 பேர்வரை என்பதே இன்று ஏற்கப்படுவது. எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பெண், தேடிப் பிடிக்கும்படி அறிவித்தல் விடுக்கப்பட்ட மக்களை 70 பேர்வரை ஒருவரையும் இழக்காமல் கொண்டுசேர்த்தார் என்பதைப் பெருப்பித்துச் சொல்லத் தேவையே இல்லை.

உணர்வுகளுக்கு நம்மிடமே ஊற்று உண்டு. 1990களின் முற்பகுதியில் கிளாலிக் கடலை இரவில் படகேறிக் கடந்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். விளக்கில்லாத படகில் கைக்குழந்தை அழுதால் என்ன செய்தீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். ஹரியட் குழந்தைகளுக்கு அபின் கலந்த மருந்து கொடுத்து உறங்கவைத்தார் என்பதை எழுதும்போது உங்கள் வசனம் தானாகவே நிதானப்படும். ஆனால் கிளாலியை மேரிலண்டுக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். இடம்பெயர்தல் வேறு, மனிதரை விலைபேசி விற்பது வேறு. இரண்டையும் கலந்தால் இரண்டு தரப்பினருக்கும் அநீதி செய்தவர்களாவோம்.

அடிமைமுறை ஏதோ தூர தேசத்து வழக்கம் என்று பிள்ளைகள் எண்ணிவிடவும் கூடாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாக 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருக்கின்றன. கனடா உள்ளிட்ட பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒழிப்புச் சட்டம் இலங்கையை விலக்கியே வைத்தது. இங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். இதைக் கதைக்குள் திணிக்காமல், பின்குறிப்பில் நேராகச் சொல்லுங்கள்.

உரையாடலில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கறுப்பின மாந்தரைக் கொச்சையாகவும் எசமானரைச் செந்தமிழிலும் பேசவைக்கும் பழக்கத்தை அடியோடு கைவிடுங்கள். எல்லாரும் ஒரே தெளிவான பேச்சுத் தமிழில் பேசட்டும். கதைசொல்லியும் ஹரியட்டை ‘அவர்’ என்றே குறிப்பிடட்டும்.

துயரத்தை எந்த அளவுக்கு எழுதுவது என்பது வன்னியில் சிறிய கேள்வியல்ல. ஹரியட்டின் மூன்று அக்காமார் விற்கப்பட்டுப் போனவர்கள். குடும்பம் அவர்களைத் திரும்பப் பெறவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படம் சுவரில் தொங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை இந்த இடத்தில் எதை நினைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இதை மறைக்க வேண்டாம். ஆனால் அடித்தலையும் இரத்தத்தையும் விரித்து எழுத வேண்டாம். கதை மாந்தர் பிழைப்பார் என்பதை முதற்பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வாசிப்பு முடிந்ததும் சொந்தக் கதையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். இயலுமானால் வில்லியம் ஸ்டிலுக்கு ஓர் இடம் கொடுங்கள். பிலடெல்பியாவில் தப்பி வந்தவர்களை வரவேற்று வந்த அவரிடம், 1850இல் ஒருவர் வந்து, பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாயைத் தேடுவதாகச் சொன்னார். பெயர்களைக் கேட்கக் கேட்க, வந்திருப்பவர் தம் சொந்த அண்ணன் பீட்டர் என்பது ஸ்டிலுக்குப் புரிந்தது. உறவுகள் ஒன்றையொன்று தேடிக் கண்டடைய உதவும் என்று அவர் வருவோரின் பெயர், ஊர், பெற்றோர், சகோதரர் விபரங்களைக் கவனமாகப் பதிந்து வந்தார். 1872இல் அவை நூலாக வெளிவந்தன.

எழுதி முடித்தபின் நான்கைந்து பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்கும் இடங்களில் பென்சிலால் கோடிடுங்கள். அங்கெல்லாம் ஏதோ விடுபட்டிருக்கிறது. இறுதிப் பக்கத்தில் எவர் வரலாற்றில் வாழ்ந்தவர், எவரை நீங்கள் கற்பனை செய்தீர்கள், எந்த உரையாடல் உங்களுடையது என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதி, பக்கத்தில் ஒரு வரைபடமும் சேர்த்துவிடுங்கள். மேரிலண்டிலிருந்து பிலடெல்பியா வழியாகக் கனடாவின் சென் கத்தரின்ஸ் வரை ஒரே கோடு போதும்.