மினிமேப்பில் தெரியாதவனை எண்ணுங்கள்

திருகோணமலையின் உவர்மலையிலோ அலஸ் தோட்டத்திலோ இரவில் ஹெட்செட்டோடு ஓன்லைன் சுடும் கேம் விளையாடும் பெடியளிடம் ஏன் தோற்றீர்கள் என்று கேட்டால், "ஏய்ம் (குறி) சரியில்லை மச்சான்" என்பார்கள். இல்லாவிட்டால் "பிங் ஏறிட்டு". மும்பை, சிங்கப்பூர் சேர்வர்களை நம்பி இங்கிருந்து விளையாடுகிறவர்களுக்குப் பிங், அதாவது சேர்வர் பதில் தர எடுக்கும் தாமதம், உண்மையான தொல்லைதான். ஆனால் முதுகில் வாங்கும் குண்டுகளில் பாதிக்கு மேப் பார்க்காததே காரணம்.

இதில் பெரிய தவறு, திரையின் மூலையில் இருக்கும் மினிமேப் என்ற சின்ன வரைபடத்தில் தெரிகிற எதிரியை மட்டும் பார்ப்பது. ஐவருக்கு ஐவர் மோதும் வலரண்ட் கேமில் ஹேவன் மேப்பை எடுங்கள். குண்டு வைக்க ஏ, பி, சி என்று மூன்று சைட். நீங்கள் சியைக் காக்கிறீர்கள். ஏ பக்கம் வெடிச் சத்தம், மேப்பில் இரண்டு எதிரிகள் தெரிகிறார்கள். உடனே அங்கே ஓடத்தான் கால் துடிக்கும். சரி, எதிரிகள் ஐந்து பேராயிற்றே, மிச்ச மூன்று பேர் எங்கே? பியில் நிற்கும் உங்கள் ஆள் இன்னும் யாரையும் காணவில்லை. அப்படியென்றால் அந்த மூவரும் ஏயில் பின்னால் நிற்கலாம், அல்லது ஓடாமல் சத்தமின்றி நடந்து உங்களிடமே வரலாம். உங்கள் ரீம்காரர்களின் பார்வைக் கூம்பு மேப்பில் எங்கெங்கே விழவில்லை என்று பாருங்கள். ஆபத்து அந்த வெற்று இடங்களில்தான். எதிரி கடைசியாகத் தெரிந்த இடத்தில் சிவப்புக் கேள்விக்குறி ஒன்று விழும். அதையே குறிபார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், ஆள் எப்போதோ நகர்ந்திருப்பான்.

இதே கணக்கைப் போடாமல் தனியே பாய்கிறவர்களும் உண்டு. வலரண்டில் ஸ்பைக் என்ற குண்டை வைத்தபின் வெடிக்க 45 விநாடி, முழுதாகச் செயலிழக்க வைக்க 7 விநாடி. கவுன்டர் ஸ்ட்ரைக் 2இல் குண்டுக்கு 40 விநாடி. அதைச் செயலிழக்க வைக்க, அதற்கான கருவியான கிட் இல்லாமல் 10 விநாடி, இருந்தால் 5. மேப்பில் நண்பன் வந்துகொண்டிருப்பது தெரிந்தால், அவன் வந்து சேரும்வரை நிற்க அநேகமாக நேரம் இருக்கும்.

எப்போது பார்ப்பது? ரீலோட் செய்யும்போது, மறைவில் ஓடும்போது, ஒருவனை வீழ்த்திய கையோடு. எதிரி முகத்துக்கு நேரே நிற்கும்போது மேப்பைப் பார்ப்பவனுக்கு மேப் பார்க்கத் தெரியாது.

செற்றிங்ஸை அப்படியே விட்டுவிடுவதும் வீண் இழப்பு. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ராடார் என்றால் மினிமேப்தான்; அதில் உங்களை எப்போதும் நடுவில் வைக்கும் தெரிவை அணைத்து, சூமைக் குறைத்தால் முழு மேப்பும் கண்ணில் படும். வலரண்டில் மேப் சுழலாமல் நிலையாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் நிறையப் பேர்.

ஃபோனில் பப்ஜி விளையாடுவோருக்கு வேறு சிக்கல். வீட்டில் எல்லோரும் நித்திரை என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, மினிமேப்பில் விழும் காலடிக் குறியையும் கவனிப்பதில்லை. அடுத்தது, ஸோன் எனும் பாதுகாப்பு வட்டம் சுருங்கிய பிறகே எரங்கல் மேப்பைத் திறப்பது. 8க்கு 8 கிலோமீற்றர் மேப் அது. தெற்கே இராணுவத் தளம் உள்ள தீவுக்கு ஸோன் விழுந்தால் பாலத்தில் ஆள் காத்திருப்பான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்காகத் துறையடியில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கடக்கும் இடம் ஒன்றென்றால் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். முதல் வட்டத்திலேயே கிளம்புங்கள், இல்லாவிட்டால் படகு தேடுங்கள்.

கடைசியாக, "அங்க, அங்க நிக்கிறான்!" என்ற கத்தல். எங்கே? இடப்பெயர், எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள் என்ற மூன்றும் போதும். செத்த கோபத்தில் மைக்கில் திட்டிக்கொண்டிருந்தால் மிச்சமிருப்பவனுக்குக் காலடிச் சத்தம்கூடக் கேட்காது. இடப்பெயர்கள் பாடமில்லையென்றால் நீங்கள் மட்டும் விளையாடும் ஒரு கஸ்டம் அறையைத் திறந்து, யாரும் இல்லாத மேப்பில் ஒவ்வொரு மூலையாக நடந்து அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.