சத்த வலிப்பும் அபோமார்பினும்: முதல் சோதனையை எப்படிச் செய்வது?

டிபிஏ/2 இனச் சுண்டெலிக்குட்டிகள் பிறந்து மூன்று வாரம் ஆன சமயத்தில், பலத்த மணிச் சத்தம் கேட்டாலே வலிப்பு கண்டு விழும். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் வந்து ஒட்டும் இடங்களை, அதாவது டோபமின் ஏற்பிகளை, தூண்டும் மருந்தான அபோமார்பின் இதைத் தடுக்கிறது என்று 1975-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளிச்சம் மினுக்கினால் வலிப்பு வரும் செனகல் பபூன் குரங்குகளிலும் அதே ஆண்டு இதே பலன் பதிவானது.

முதல் படி, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி. அது கைக்கு வரும்வரை ஓர் எலியைக்கூடத் தொடாதீர்கள்.

அடுத்து மருந்து. அபோமார்பின் கரைசல் காற்றுப் பட்டால் பச்சையாக மாறிவிடும். அதனால் கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) சேர்த்து, அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். பச்சை தட்டியதை ஊற்றிவிடுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அஸ்கார்பிக் அமிலம் கலந்த கரைப்பானையே ஏற்ற வேண்டும். எந்த எலிக்கு எது போனது என்பது மதிப்பெண் போடுபவருக்குத் தெரியக்கூடாது.

ஊசி போட்டபின் எல்லா எலிக்கும் ஒரே இடைவெளி விட்டு, கண்ணாடிக் கூண்டில் ஒவ்வொன்றாக விடுங்கள். சுமார் 109 டெசிபல் மணியை அதிகபட்சம் 60 விநாடி அடியுங்கள். உங்கள் காதையும் மூடிக்கொள்ளுங்கள்.

இப்போது கண்ணை எடுக்காதீர்கள். எலி முதலில் சுவரோரமாகத் தறிகெட்டு ஓடும்: மதிப்பெண் 1. சாய்ந்து விழுந்து கால்கள் வெட்டி வெட்டி இழுத்தால் 2. பின்னங்கால் விறைத்து நீண்டால் 3. மூச்சு நின்றால் 4. எதுவும் இல்லையென்றால் 0. ஓட்டத்துக்கும் விழுவதற்கும் நடுவே சில விநாடிகள்தான் இருக்கும், அதனால் வீடியோவும் எடுங்கள். மூச்சு நின்ற எலிக்கு உடனே ஆக்சிஜன் கொடுக்க ஏற்பாடு பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும். அந்தச் சின்ன உயிர் நமக்காகத்தான் விழுகிறது.

சரி, மருந்துக் குழு விழவில்லை. உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அபோமார்பின் எலியின் உடல் வெப்பத்தையும் இறக்கும். உடம்பு குளிர்ந்தாலே வலிப்பு தணியக்கூடும். புதியவர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். மணி அடிக்கும் முன் ஒவ்வோர் எலியின் வெப்பநிலையையும் குறியுங்கள். இறங்கியிருந்தால், மருந்து கொடுத்த இன்னொரு குழுவை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, வெப்பம் குறையாமல் பார்த்துச் சோதியுங்கள்.

அப்புறம், வேறொரு குழுவுக்கு டோபமின் ஏற்பியை அடைக்கும் ஹாலோபெரிடாலை முதலில் கொடுத்து, அதன்மேல் அபோமார்பின் கொடுங்கள். ஹாலோபெரிடால் மட்டும் பெறும் குழுவும் வேண்டும். வெப்பம் குறையாமலே வலிப்பிலிருந்து காப்பு கிடைத்து, ஹாலோபெரிடால் முந்திப் போனதும் அது மறைந்தால், டோபமின் வழியாகத்தான் காப்பு வந்தது என்று தைரியமாக எழுதலாம்.